பச்சை ஸ்டிக்கர்

"பச்சையில ஒண்ணு உரிச்சிருக்கு. எதுல ஒட்டினீங்க சித்தி?"

சித்தி கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒட்ட வேண்டியதுல ஒட்டிட்டேன் கண்ணு."

"அதான், எதுல?"

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராததுலதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் வக்கீல். மழுப்பலான பதிலைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அப்பா கட்டில், மேஜை, நாற்காலி செய்து விற்றவர். வீட்டின் முன்பக்கமே கடை. ஒரு சாமானுக்கு விலை பேசி முடித்தால் உடனே அதில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். ஒட்டினால் ஒட்டினதுதான். அப்புறம் மந்திரியே வந்து கேட்டாலும் கிடையாது.

ஒட்டுகிற வேலை மூத்த மகன் பெரியவனுடையது. நாற்பது வயதைத் தாண்டியும் அவனுக்குக் குழந்தை மனசு. ஒட்டி முடித்ததும் கை தட்டி, "இதுக்கு வீடு கெடைச்சாச்சு!" என்பான்.

இப்போது அப்பா இல்லை. கடையோடு சேர்த்து வீட்டை விலை பேசியாகிவிட்டது. சாமான்களைப் பிரிக்க அவர் வழியையே பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிவப்பு. தம்பிக்கு மஞ்சள். அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்ட சித்திக்குப் பச்சை.

பெரியவனுக்கு நிறம் ஒதுக்கவில்லை. "அவனுக்கு எதுக்கு சாமான்?" என்றார்கள் இருவரும். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வீட்டில் பங்கு கேட்டு சித்தி மல்லுக்கு நிற்பாள் என்று வழியெல்லாம் வாதங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள் அக்கா. சித்தி கேட்டால்தானே! "வேணாம் கண்ணு, எனக்குத் தையல் தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சந்தேகமே அங்கேதான் முளைத்தது. உரிமையை யாராவது சும்மா விட்டுக்கொடுப்பார்களா?

"அக்கா, இங்க வாயேன்." தம்பி குரலைத் தாழ்த்தினான். "சித்தி வாடகைக்கு வீடு பார்த்துட்டாங்களாம். ரெண்டு ரூம்!"

"ஒத்தை ஆளுக்கு எதுக்குடா ரெண்டு ரூம்?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்! பெருசா எதையோ கிளப்பிட்டுப் போகத் திட்டம்."

"தேக்கு அலமாரியா இருக்கும். அது நம்ம அம்மாவுக்காக அப்பா செஞ்சது. கை வச்சுப் பார்க்கட்டும்!"

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். அலமாரியில் சிவப்பு. கட்டிலில் மஞ்சள். சாப்பாட்டு மேஜையில் சிவப்பும் இருந்தது, மஞ்சளும் இருந்தது.

"டேய், இது நான் ஒட்டினதுல்ல?"

"நீ ஒட்டினது காலுலக்கா. நான் ஒட்டினது பலகையில."

"கால் இல்லாம உன் பலகை அந்தரத்துல நிக்குமா?"

"பலகை இல்லாம உன் கால் மேலயா சோறு போட்டுச் சாப்பிடுவ?"

கடைசியில் மேஜை அக்காவுக்கு, ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி தம்பிக்கு என்று சமாதானம் ஆயிற்று. நாற்காலியில் பெரியவன் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிண்ணே, கொஞ்சம்."

சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு எழுந்தான். தம்பி நாற்காலிக் கைப்பிடியில் மஞ்சளை ஒட்டினான்.

"நாற்காலிக்கு வீடு கெடைச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. உக்காரு."

"வேணாம். அது இப்ப வேற வீட்டு நாற்காலி."

சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். அக்கா ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

"அண்ணன் விஷயம்..."

"அதை அப்புறம் பேசிக்கலாம்க்கா. முதல்ல அந்தப் பச்சை எங்கன்னு பாரு."

பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில், பரண் மேல், கதவுக்குப் பின்னால். எங்கேயும் இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. சித்தி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"பையைக் காட்டுங்க சித்தி."

தயங்காமல் காட்டினாள். மேலே அவளுடைய துணி கொஞ்சம். அடியில் மடித்து அடுக்கிய ஆண்பிள்ளைச் சட்டைகள்.

"அடப்பாவமே! அப்பா சட்டையைக்கூட விட்டு வைக்கலையா நீங்க?"

சித்தி அவளையே பார்த்தாள். கண் கலங்கியது. "இது அப்பா சட்டைன்னா நெனைக்கிற?"

"பேச்சை மாத்தாதீங்க. எங்களுக்குத் தெரியாம இந்த வீட்டுல இருந்து எதை எடுத்துட்டுப் போறீங்க? அதைச் சொல்லுங்க."

"தெரியாம எதுவும் இல்ல கண்ணு. காலையில இருந்து உங்க கண்ணு முன்னாலதான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்ற பெரியவன், அத்தனை நேரம் சட்டைப் பையைப் பொத்தியிருந்த கையை எடுத்தான். பையின் மேல் பளிச்சென்று ஒரு பச்சை வட்டம்.

கை தட்டினான்.

"எனக்கு வீடு கெடைச்சாச்சு!"