அக்கா அடுக்கிய பலகை

பாரிஸிலிருந்து வந்திருந்த எமில்ராஜ், சோறு கறி ஒன்றும் வேண்டாமென்றான். பின்னேரம், பத்திரம் எழுதும் நொத்தாரிசு இங்கே வருகிறார். விடிந்தால் ஒன்பது மணிக்கு வீட்டை விற்று உறுதிப் பத்திரம் எழுத வேண்டும். மத்தியானம் கொழும்புக்கு வான் வண்டி, இரவு விமானம்.

"இந்த வெக்கைக்குள்ளை ஏன் அக்கா அடுப்படியிலை நிண்டு அவியிறாய்? எங்கடை ஊர்ப்படி ஒரு பலகை அடுக்கிவிடு, காணும்."

எங்கடை ஊர் என்று அவன் சொன்னது பிரான்சை. பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகரில்.

"பலகையோ? அதைத் தின்னுறதோ?" என்றாள் றோஸ்.

"ஐயோ அக்கா! இறைச்சி, சீஸ், பழம் எல்லாத்தையும் பலகையிலை பரப்பி நடுவிலை வைக்கிறது. சுத்தியிருந்து கதைச்சுக் கதைச்சு எடுத்துச் சாப்பிடுறது. அங்கை கோடையெண்டால் உதுதான்."

சமைக்காத சாப்பாட்டுக்கு இவ்வளவு விளக்கம்!

விற்கப்போவது றோஸ் பிறந்து இன்றுவரை இருக்கும் வீடு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதுதான் வீட்டைச் சீதனமாக எழுதுவார்கள். றோஸ் கலியாணம் கட்டவில்லை. அதனால் அப்பா வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டு, "அக்காவைப் பார்த்துக்கொள்" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகனும் பார்த்தான். வீட்டை வாங்க, சுவிஸிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்தான். அக்காவுக்கு ஒரு வாடகை அறையும் பார்த்தான்.

ஐம்பத்தொன்பது வயதில் யாரோ ஒருவரின் வீட்டு அறையில் போய்க் கிடப்பதா? றோஸ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

"ஒரு கரண்டி பேதி மருந்து காணும், தங்கச்சி. அடுத்த நாள் முழுக்க ஆள் கக்கூசை விட்டு வெளிக்கிடாது. உயிருக்கு ஒண்டுமில்லை" என்றார் கடைக்காரர்.

அப்பா மீன் வெட்டிய நீளப் பலகையைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். தம்பி பெட்டியில் கொண்டுவந்த சலாமி இறைச்சியை மெல்லிசாக வெட்டி மடித்து வைத்தாள். சீஸ், ஒலிவ் காய், கிறீம் கிறேக்கர் பிஸ்கட், திராட்சை, நீர்வேலிக் கதலிப்பழம். பலகையின் ஒரு முனையில் வெள்ளைக் கிண்ணம், மறு முனையில் நீலக் கிண்ணம், இரண்டிலும் மாம்பழ ஜாம். நீலக் கிண்ணத்தில் மருந்தும்.

ஐந்தரை மணிக்கு நொத்தாரிசு செபநாயகம் வந்து மாமரத்தடியில் எமில்ராஜுக்கு எதிரே உட்கார்ந்தார். வீட்டின் பழைய உறுதியைத் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பவர் அவர். இனிப்பைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது.

நீலக் கிண்ணம் தம்பி பக்கம் வரும்படி றோஸ் பலகையை வைத்தாள்.

"உனக்கெண்டே செய்தது, தம்பி. முதல் உந்த ஜாமைத் தொட்டுச் சாப்பிடு."

காலையில் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்தவள் இப்போது உபசாரம் பண்ணுகிறாள். எமில்ராஜ் என்ன, மொக்கனா?

"அக்கா, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாவன்."

அவள் திரும்பி வந்தபோது பலகை திரும்பிக் கிடந்தது. நீலக் கிண்ணம் நொத்தாரிசுக்கு முன்னால். எமில்ராஜ் வெள்ளைக் கிண்ணத்து ஜாமை வழித்து வாயில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"ஐயா, அது சரியான இனிப்பு. கனக்கச் சாப்பிடாதேங்கோ" என்றாள் றோஸ்.

"இனிப்பெண்டால் இன்னும் நல்லது, பிள்ளை" என்று நொத்தாரிசு கிண்ணத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

இனி என்ன சொல்வது? மருந்து கலந்திருக்கிறது என்றா? றோஸ் தேநீரை ஊற்றினாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு எமில்ராஜ் சப்பாத்து மினுங்க நின்றான். அப்போது நொத்தாரிசின் மனைவி தொலைபேசியில் வந்தார்.

"அவர் விடியக் காலமை தொடக்கம் கக்கூசுக்குள்ளை. கதவடியிலை போய்க் கூப்பிட்டால் என்னைச் சாக விடு எண்டு கத்துறார். இரும்புப் பெட்டி பூட்டின திறப்பை எங்கை வைச்சதெண்டும் சொல்லுறாரில்லை."

சுவிஸ்காரர் பதினொரு மணிவரை பொறுத்தார். பிறகு வேறு வீடு வளவு பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

"நீ எனக்கு வைச்ச மருந்தைத்தானே அந்த மனுசன் திண்டது!" என்று எமில்ராஜ் பாய்ந்தான்.

"உனக்கு வைச்சதெண்டு தெரிஞ்சும் அதை அவருக்குத் திருப்பிவிட்டது ஆர், தம்பி? வா, பொலிசுக்குப் போவம். ரெண்டு பேருமாய்ப் போவம்."

வான் வந்ததும் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

மருந்து தின்று தம்பி படுத்திருந்தால், நொத்தாரிசு கட்டிலடிக்கே வந்து கையெழுத்து வாங்கியிருப்பார். சின்ன வயதிலிருந்தே அக்கா வைத்த தட்டை மாற்றி எடுக்காமல் தம்பி ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்பதால்தான், நொத்தாரிசுக்கான கிண்ணத்தை றோஸ் அவன் முன்னால் வைத்தாள்.