அநாதை ஏபலின் அப்பா

ஊரறிய ஹார்லன் ப்ரூயிட் செத்து நாலு மாதம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாக்ஸ்வில் மல்யுத்த அரங்கத்துக்குள் அவர் நுழைந்தபோது, டிக்கெட்டைக் கிழித்த பெண்கூட நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் லுவெல்லா கிழவி. ஹார்லனின் மகன் வெண்டல் பள்ளிக்கூட ஜிம்மிலும் சந்தைத் திடலிலும் அடிபட்டு உருண்ட காலத்திலிருந்து ஓர் ஆட்டம் விடாதவள். திரும்பிப் பார்த்தவள் மடியில் சோளப்பொரி கொட்டியது.

"ஹார்லனா? உன்னை மண்ணுக்குள்ள வெச்சதை என் கண்ணால பாத்தேனேய்யா."

"பாத்திருப்ப. ஊரே பாத்துச்சு."

"அப்புறம் இங்க என்ன வேலை? அடங்கிக் கிடக்க வேண்டியதுதானே?"

"கிடக்க முடியல. இத்தனை பேர் முன்னால அவன் என்னைப் பாத்து 'அப்பா'ன்னு ஒரு தடவை கூப்பிடட்டும். கேட்டுட்டுப் போயிடறேன்."

கிழவி கோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

விளக்குகள் அணைந்தன. பெரிய திரையில் மழையில் நனையும் ஒரு கல்லறை. கல்லில் ஹார்லன் ப்ரூயிட் என்று வெட்டியிருந்தது.

"அநாதை ஏபல்!" என்று ஒலிபெருக்கி அலறியது. முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, தோளில் மண்வெட்டி, நடந்து வந்தது வெண்டல்தான். போன வருஷம் பெரிய மல்யுத்தக் கம்பெனி ஒன்று அவனை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்கினால் தோலையும் சேர்த்துத்தான் உரித்துக்கொள்வான். முதலில் அவன் பேரைப் பிடுங்கினான். முன்வரிசைக்கெல்லாம் கை கொடுத்துச் சிரித்தபடி வருவானே, அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட்டான்.

"எங்க அப்பா மட்டும் இருந்திருந்தா..." என்று மைக்கில் சொல்லி மண்டியிட்டான். பத்தாயிரம் பேர் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஹார்லன் எழுந்தார். முழங்கால் விண்ணென்று வலித்தது. "வெண்டல், டேய், இங்கதான் இருக்கேன்."

மகனின் பார்வை நேராக அவர் மேல் வந்தது. அவரை ஊடுருவிக்கொண்டு பின்வரிசைக்குப் போனது. ஏழு வருஷம் ஓட்டை டிரக்கில் அவனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டியவர் அவர். உடைந்த மூக்கை எத்தனை தரம் நிமிர்த்திவிட்டிருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் பின்வாசலில் ரசிகர்கள் கம்பித் தடுப்பை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வெண்டல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தான். ஹார்லன் நீட்டிய தாளையும் வாங்கினான்.

"என்ன பேரு எழுதணும், பெரியவரே?" என்று சத்தமாகக் கேட்டான். பிறகு குனிந்து, உதடு அசையாமல், "ஏன் வந்த? கம்பெனி எழுதின கதைப்படி டிவியில உன்னைப் புதைச்சிருக்காங்க. நீ உயிரோட நடமாடறது வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"உன் பேரை மாத்தினவனுங்க என் பேரை அப்படியே கல்லுல வெட்டிட்டானுங்களேடா. மளிகைக் கடைக்காரன்கூட இன்னும் இருக்கியான்னு கேக்கறான்."

"கொஞ்சம் பொறு. ஏப்ரல்ல கதை மாறுது. அப்பா சாகல, திரும்பி வர்றாரு. அறுபதாயிரம் பேர் முன்னால 'அப்பா'ன்னு கத்திக்கிட்டே ஓடிப் போய்க் கட்டிப் பிடிக்கறேன்."

ஹார்லன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"தாடியை எடுத்துடட்டுமா? எந்தச் சட்டை போட்டுக்கறது?"

வெண்டல் தாளை மடித்து அவர் கையில் வைத்தான். அடுத்த ரசிகர் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னான்:

"அப்பா வேஷத்துக்கு வேற ஆளை எடுத்தாச்சு."