பிஸ்கட்டுக்கு ஓய்வு

வெண்டல் தலையணை உறையின் முடிச்சை அவிழ்த்த பிறகும் பிஸ்கட் வெளியே வரவில்லை.

நடீன் குனிந்து உள்ளே பார்த்தாள். "என்ன, மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மூட் இல்லையா?"

பிஸ்கட் ஆண் மலைப்பாம்பு. பழுப்பு நிறம், முதுகில் தேன் நிறக் கோடு. நடீனின் ஐந்து பெண் பாம்புகளும் அதைவிட இரண்டு மடங்கு பருமன். பாம்பு வளர்க்கும் அடுக்கில் ஆளுக்கொரு இழுப்பறையில் படுத்திருந்தன.

விவாகரத்தின்போது பெண் பாம்புகள் அவளுக்கு, பிஸ்கட் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

அதனால் குளிர்காலம் வந்தால் சனிக்கிழமைதோறும் சின்சினாட்டியிலிருந்து பனியில் வண்டி ஓட்டி வருவான் வெண்டல். இணைசேர ஒரு பெண் பாம்போடு பிஸ்கட்டை விடுவான். மறுநாள் வந்து எடுத்துப் போவான். வாரம் முழுக்க ஓய்வு. அடுத்த சனிக்கிழமை அடுத்த இழுப்பறை.

பாம்புச் சந்தையில் ஆண் பாம்பு சல்லிசாகக் கிடைக்கும். இவள் ஏன் ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாது? வருகிற வழியெல்லாம் வெண்டலுக்கு இதே யோசனைதான். கேட்டால், "குட்டிங்களுக்கு பிஸ்கட்டோட கலர் வருமா?" என்பாள்.

இந்த முறை அவன் வேறொன்று சொல்ல வந்திருந்தான். இலையுதிர் காலத்திலிருந்தே பிஸ்கட் எலியைத் தொடவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இதற்கு மேலும் இணைசேர விட்டால் செத்துப்போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் இருவருக்கும் ஆவல் விடவில்லை. மூன்றாவது இழுப்பறையில் விட்டுப் பார்த்தார்கள்.

பிஸ்கட் நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது. பெண்ணின் முதுகில் பாதி தூரம் ஊர்ந்தது. நின்றது. பிறகு இறங்கி, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் போய்ப் பந்தாகச் சுருண்டுகொண்டது.

மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இருவரின் தலைகளும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன.

"அவனுக்கு வயசாயிடுச்சு, நடீன்."

"உனக்கு மட்டும் என்னவாம்?"

மிச்சத்தை அவனால் சொல்ல முடியவில்லை. கை கழுவ எழுந்து போனான். சமையலறைத் தொட்டி நிறையப் பாத்திரம். துணி துவைக்கும் அறைக்குப் போனான்.

கை கழுவ இவ்வளவு நேரமா என்று நடீன் கேட்க நினைத்தபோது திரும்பி வந்தான். பிஸ்கட்டை மெல்ல எடுத்து உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டான்.

"இனிமே இவனைக் கூட்டிட்டு வர மாட்டேன். தாங்க மாட்டான்."

நடீன் நிமிராமல் இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

"சரி. அப்ப நீயும் வர மாட்ட."

வெண்டல் உறையைத் தரையில் வைத்தான்.

"துணி துவைக்கிற ரூம்ல, கூடைக்குப் பின்னாடி பெட்டிக்குள்ள ஒருத்தன் இருக்கானே, நல்லா கொழுகொழுன்னு. கையில எடுத்துப் பார்த்தேன். ஆண்தான். எப்ப வாங்கின?"

கழுத்துவரை சிவந்துபோனாள் நடீன். இழுப்பறையின் கைப்பிடியை இன்னும் விடவில்லை.

"நீ வீட்டை விட்டுப் போன வாரமே."