தேய்க்காத வெல்டு

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஜீப்புக்கு அடியில் கிரைண்டர் முனகி அடங்கியது. அதன் தேய்ப்புக்கல் இன்னும் இரும்பைத் தொட்டிருக்கவில்லை.

"கரண்டு போயிருச்சா?" என்றான் அடியில் படுத்திருந்த தனபால். அவள் கணவன்.

அவள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஜீப்பின் சொந்தக்காரன் நிரஞ்சன் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மலைச்சரிவில் பந்தயம். பெரிய டயர் போடுவதற்காக வண்டியை உயர்த்தியிருந்தான். பின் அச்சை வண்டியோடு பிடித்துவைக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கும் நீளம் போதவில்லை. வெட்டி, இரண்டு அங்குலம் நீட்டி, மாட்டியாகிவிட்டது.

வெல்டு வைத்து ஒட்டிய இடம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கம்பெனில இருந்து வந்தாப்பல வழவழன்னு இருக்கோணும். இதென்ன, தழும்பாட்ட."

"தேய்ச்சா பலம் போயிருமுங்க," என்றாள். "புடைச்சுட்டு இருக்கறதும் சேர்ந்துதான் தாங்குது. தேய்க்கறப்ப பக்கத்து இரும்பும் தேஞ்சிரும். அங்கதான் ஒடியும்."

"வெல்டு வெச்சவரே தேய்க்கறேங்கறாரு. உங்களுக்கு என்னங்க்கா?"

தனபால் வெளியே வந்து எழுந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை.

நான்கு வருடங்களாக அவன் வலது கை நடுங்குகிறது. நான்கு வருடங்களாக, வாடிக்கையாளர்கள் போன பிறகு, அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு வெல்டு வைக்கிறாள். யாராவது கேட்டால் "நான்தான் வெச்சேன்" என்பான் அவன். அவள் பக்கத்திலேயே நிற்பாள். பொய் என்று தோன்றியதில்லை. அவன் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுப்பதுபோலத்தான் தோன்றியிருக்கிறது.

இந்த ஜீப்பின் இரும்புக் கைகளை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினாள். உள்ளே ஒரு குழாயைச் செருகினாள். ஒரேயடியாக ஒட்டிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டினாள். தண்ணீர் ஊற்றி ஆற்றிவிடலாம், நேரமாகிறது என்றான் தனபால். அவள் விடவில்லை. சாம்பலில் புதைத்து, தானாக ஆறும்வரை காத்திருந்தாள்.

எடுத்துத் துடைத்தபோது, நெருக்கிப் பின்னிய சடைபோல வந்திருந்தது.

அதைத் தேய்த்தால் ஓர் உயிர் போகலாம். அதற்காகத்தான் பிளக்கைப் பிடுங்கினாள்.

அதற்காக மட்டும்தானா?

இல்லை.

"வெல்டு வெச்சது நானு."

குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது.

நிரஞ்சன் தனபாலைப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, நெசமா?"

தனபால் கையிலிருந்த கிரைண்டரைக் காலடியில் வைத்தான்.

"போன வருசம் முன்பக்கம் செஞ்சீங்களே, அது?"

"அதும் நாந்தான்," என்றாள்.

"அதுல நான் மலையே ஏறி எறங்கியிருக்கறனுங்க்கா."

"தெரியும்."

அவன் குனிந்து அடியில் மறுபடி பார்த்தான். நிமிர்ந்தபோது சிரிப்பு திரும்பியிருந்தது.

"சரி. அப்ப மொத ஓட்டத்துக்கு யாரு ஏறுவாங்க?"

வெல்டு வைத்தவர் முதல் ஓட்டத்தில் வண்டியில் இருக்க வேண்டும். அது இந்தப் பட்டறையின் வழக்கம். பழைய கல்குவாரியின் சரிவில் இறங்கி, ஏறி வந்த பிறகுதான் சொந்தக்காரரிடம் வண்டி போகும். இத்தனை வருடமும் தனபால் போனான். அவள் வைத்த வெல்டின் மேல் உட்கார்ந்து. புறப்படும் முன் ஒருநாளும் "தாங்குமா?" என்று அவளிடம் கேட்டதில்லை.

கேட்காததை அவள் இன்றுதான் கவனித்தாள்.

ஒயரைக் கீழே போட்டாள். புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையில் கையைத் துடைத்தாள். ஜீப்பில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

நிரஞ்சன் ஏறவில்லை. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"இருங்க்கா. இன்னொரு மெக்கானிக்க வந்து பாக்கச் சொல்லிட்டு..."

அவள் நகர்ந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பட்டறைக்குள் வண்டிகளை முன்னும் பின்னும் எடுத்துவிட்டிருக்கிறாள். குவாரிச் சரிவில் ஓட்டியதில்லை.

கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க தம்பி. நீங்க இங்கயே நின்னு பாருங்க."

அவன் கொடுத்தான். கொடுத்துவிட்டோம் என்று அவனுக்கே பிறகுதான் உறைத்ததுபோல இருந்தது.

இன்ஜின் எழுந்தது.

பின்பக்கம் வண்டி சற்று அமிழ்ந்து நிமிர்ந்தது. யாரோ ஏறி உட்காரும் பாரம்.

நிரஞ்சன் அவள் கண்ணெதிரேதான் நின்றிருந்தான். தனபால் நின்ற இடத்தில் கிரைண்டர் மட்டும் கிடந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டாள்.