ஏரியின்மேல் ஒற்றைத் தடம்

குளிர்காலத்தில் ஏரியே உறைந்துபோகிற ஓர் ஊரில், அருள்தாஸ் தன் மலையேறும் சைக்கிளுக்கு ஆணி பதித்த டயர் ஒன்றே ஒன்று வாங்கினார்.

"முன்சக்கரம் வழுக்கினா பல்லு போயிடும். பின்சக்கரம் வழுக்கினா சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லி அதை முன்னால் மாட்டினார். பின்னால் தேய்ந்து மொட்டையான பழைய டயரே இருந்தது.

உறைந்த ஏரியைக் கடக்கும்போது ஆணி டயர் புலம்பிக்கொண்டே போனது. "இவ்வளவு ஐஸையும் நான் ஒருத்தனேதான் கடிச்சுப் பிடிக்கணும். ஏன்னு கேக்க ஒரு நாதி இல்லை."

கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளைதான். பின்னாலிருந்து ஒரு சத்தமும் அதன் காதில் விழவில்லை.

மாலையில் அருள்தாஸ் அதே வழியாகத் திரும்பினார். ஏரியின்மேல் படிந்திருந்த மெல்லிய பனியில் காலையில் போன தடம் ஒரே கோடாகத் தெரிந்தது.

"பாரு, நான் தனியாப் போன தடம்" என்றது ஆணி டயர்.

நடு ஏரியில், மீன் பிடிக்க யாரோ தோண்டிய குழியைச் சுற்றி வழி வளைந்தது. அங்கே கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் ஆணி குத்திய புள்ளிகள். பக்கத்தில் இன்னொன்று, மொழுக்கென்று. அது குழியின் விளிம்புவரை சறுக்கிப் போய், எப்படியோ நிமிர்ந்து, ஓடிவந்து முதல் கோட்டோடு சேர்ந்திருந்தது.

கரை நெருங்கியதும் ஆணி டயர் மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, வழுக்கினப்ப ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தேன் தம்பி" என்றது பின்சக்கரம். "நீ பேசிட்டிருந்த."