துண்டு நுனி

ஒரு இழுப்பு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

மாதையனின் தோள்துண்டு நுனியைப் பிடித்தபடி பின்னால் நின்றாள் மனைவி சுகுணா. கடத்தூரில் அவர்கள் வீட்டுக் கூடம் முழுக்க ஆட்கள். மகள் கலைச்செல்விக்கு இன்று வெற்றிலை பாக்கு மாற்றுகிறார்கள்.

இருபத்தெட்டு வருஷம் ஜல்லி கிரஷரில் நின்ற மனுஷன். காது என்ன ஆகும்? போயே போச்சு. ஊருக்கு அது தெரியாது. டீக்கடைக்குப் போவதை விட்டார், கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டார். திமிர் பிடித்த ஆள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

போன வருஷம் வந்த வரன் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்து, பரம்பரைக் கோளாறாக இருக்குமோ என்று எழுந்து போய்விட்டது. அன்று கலைச்செல்வி சாப்பிடவில்லை. இதுவும் போனால்?

எதிரே மாப்பிள்ளை ரஞ்சித்குமார். பக்கத்தில் அவன் அப்பா வீரமணி, மொரப்பூர்க்காரர். முப்பது வருஷம் போர்வெல் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றியவர். யப்பா, என்ன குரல்! வந்ததிலிருந்து அவரே பேசினார், ஒருத்தரையும் வாய் திறக்கவிடவில்லை. அவர் சத்தம் மட்டும் மாதையனுக்குக் கொஞ்சம் எட்டியது.

ஊர்க்கவுண்டர் மூன்று தடவை கேட்பார். பெண்ணின் அப்பன் தன் வாயாலேயே மூன்று தடவை சொல்ல வேண்டும்.

முதல் தடவை. துண்டு இழுபட்டது.

"சம்மதமுங்க."

இரண்டாவது தடவையும் தப்பித்தார்.

பெண்ணைப் பார்க்கலாம் வாங்க என்று மாப்பிள்ளையின் அம்மா சுகுணாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். துண்டு சும்மா தொங்கியது.

மூன்றாவது தடவை கவுண்டரின் உதடு வேறு மாதிரி அசைந்தது. நீளமாக என்னவோ கேட்டார். கூடமே மாதையனைப் பார்த்தது.

ஆமாம் என்பதா, இல்லை என்பதா? எதைச் சொன்னாலும் மகள் தலையில்தான் விடியும்.

போதும்டா சாமி இந்த வேஷம் என்றிருந்தது. மறைத்துக் கட்டிவைத்தால் நாளைக்கு ஏச்சு வாங்கப்போவதும் அவள்தான்.

"எனக்குக் காது கேக்காதுங்க சம்பந்தி. கிரஷர்ல போனது. புள்ளைக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்றார் வீரமணியைப் பார்த்து.

கூடத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கவுண்டர் தலை குனிந்துகொண்டார்.

வீரமணி மட்டும் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு மாதையனுக்கு நன்றாகத் தெரியும். காது போன இந்த ஆறு வருஷமாக அவரும் எல்லோரிடமும் அதைத்தான் சிரிக்கிறார்.

ரஞ்சித்குமாரின் விரல் மெல்ல நகர்ந்து, அப்பாவின் வேட்டி ஓரத்தை ஒரே ஒரு தடவை இழுத்தது.

"சம்மதம்!" என்றார் வீரமணி, கூரை அதிர.

அது மாதையனுக்குக் கேட்டது.