சட்டம் உங்கள் வாசலில்

"ஆண்ட்டி, பிரியாணி கடைசியிலதான். இப்பவே வந்து வாசல்ல நிக்காதீங்க லா."

விழாக் குழுச் செயலாளர் நிவேந்திரன் பாக்கியலட்சுமியைக் கையோடு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தான். முன்வரிசை காலியாக இருந்தால் படம் எடுப்பாக இருக்காது.

"பிரியாணிக்கு வரல தம்பி. அந்த லாயர் ஐயாகிட்ட ஒரு வார்த்த பேசணும். பேசலன்னா என் வீடு போயிரும்."

"எல்லாருக்கும் அவருகிட்டதான் பேசணும். கேள்வி நேரம்னு ஒண்ணு வச்சிருக்கோம், அப்ப கேளுங்க." சொல்லிவிட்டு அவள் காலைப் பார்த்தான். சேலைக்குக் கீழே பெரிய கறுப்புச் சப்பாத்து. "என்ன ஆண்ட்டி இது?"

"மவனோடது. சிலிப்பர்னா உள்ள விட மாட்டாங்கன்னு சொன்னாங்க."

"இங்க யாரா இருந்தாலும் விடுவோம். இது மக்கள் நிகழ்ச்சி!" என்று சிரித்தான் நிவேந்திரன்.

'சட்டம் உங்கள் வாசலில்' என்பது நிகழ்ச்சியின் பெயர். சனி, ஞாயிறில் மண்டபத்தில் கல்யாணம் என்பதால் வியாழக்கிழமை காலையில் வைத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற மக்கள் எப்படி வருவார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக சுங்கை ஊடாங்கிலிருந்து ஒரு பஸ் நிறையப் பணி ஓய்வு பெற்றவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பாக்கியலட்சுமி அந்த பஸ்ஸில் வந்தவள் இல்லை. செர்காம் பக்கத்துத் தோட்டத்தில் பழைய தொழிலாளர் வீட்டில் இருப்பவள். தோட்டத்தை வாங்கிய புது முதலாளி எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட, இவள் மட்டும் அசையவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கூரை ஒன்றுதான்.

உறுமி மேளம் முழங்க வழக்கறிஞர் புவனேந்திரன் வந்து இறங்கினார். தாமதமாகத்தான் வந்தார். சிறப்பு விருந்தினர் நேரத்தோடு வந்தால் அவரிடம் என்ன சிறப்பு இருக்கிறது?

பாக்கியலட்சுமி எழுந்து ஓடிப்போய் அவர் காதோரம் ஏதோ சொன்னாள். மேளத்தில் அவருக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. "கண்டிப்பாம்மா, கண்டிப்பா" என்று அவள் தோளில் கைபோட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவள் மறுபடி நாற்காலிக்கு வருவதற்குள் 'எளியோரின் தோழர்' என்ற வரியோடு அந்தப் படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்குப் புவனேந்திரன் ஒன்று போர்த்த, அவரை விட்டுவிட்டோமே என்று இன்னொருவருக்கும் போர்த்தினார்கள்.

"எத்தனை ஏழைகளுக்காக வாதாடுகிறார் என்று அவருக்கே தெரியாது!" என்று புகழ்ந்தான் நிவேந்திரன். புவனேந்திரன் அடக்கமாகத் தலையசைத்தார்.

பாக்கியலட்சுமி கையைத் தூக்கினாள். நிவேந்திரன் மேடையிலிருந்தே உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

புவனேந்திரன் பேச ஆரம்பித்தார். ஏழை எளியவர்களுக்குப் புரிகிற மாதிரி எளிய தமிழில் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு, பாதியை ஆங்கிலத்திலும் மீதியை மலாயிலும் பேசினார். ஒன்றை மட்டும் தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கோர்ட்டுக்குப் போக பயப்படாதீங்க! தேதி கொடுத்தா போயே ஆகணும். நம்ம பக்கம் பேச ஆளில்லன்னா, அடுத்தவன் சொல்றதுதான் தீர்ப்பு. அப்புறம் அழுது பிரயோஜனமில்ல!"

கைதட்டல். பாக்கியலட்சுமி மட்டும் தட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சில் உருகிவிட்டாள் போலிருக்கிறது என்று நிவேந்திரன் பூரித்துப்போனான். அந்தப் பூரிப்பில், கேள்வி நேரம் வந்ததும் மைக்கை முதலில் அவளிடமே கொடுத்தான்.

"பயப்படாம கேளுங்கம்மா," என்றார் புவனேந்திரன்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லி முதலாளி கேஸ் போட்டிருக்காருங்கய்யா."

"லாயர் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேங்கய்யா. அவரு கிளார்க்குதான் எல்லாம் எழுதிக்கிட்டாரு. அவர அன்னிக்கு ஒரு நிமிஷம் பாத்ததோட சரி."

"அதெல்லாம் இருக்கட்டும். கேஸ் தேதி என்னிக்கு?"

"இன்னிக்குங்கய்யா."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. புவனேந்திரனுக்கு இதைவிட நல்ல உதாரணம் வாழ்நாளில் கிடைத்ததில்லை. மேடை விளிம்புக்கே வந்துவிட்டார்.

"பாத்தீங்களா? இதுதான் நம்ம ஆளுங்க! வீடே போகப்போவுது, கோர்ட்டுல இருக்க வேண்டியவங்க பிரியாணிக்கு வந்து உக்காந்திருக்காங்க! ஏம்மா, உங்களுக்கே இது நல்லாருக்கா? இங்க எதுக்கு வந்தீங்க?"

பாக்கியலட்சுமி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேங்கய்யா. எனக்கு லாயர் நீங்கதானே?"